மதகுக்காரர் நாக்கு

"எவ்வளவு வாங்கினே ஜாசிப்? சும்மா சொல்லு, நமக்குள்ளதானே!"

தலைமை எஞ்சினியர் நிஸார் இப்படிச் சிரித்துக்கொண்டே கேட்டால் ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். விசாரணையை எழுத உட்கார்ந்திருந்த நான் பேனாவைத் திறந்தேன்.

"ஒரு காசு தொடல, உஸ்தாத். அப்பாஸ் மேல ஆணை!"

எங்கள் பஸ்ராவில் அந்த மகான் பேரில் பொய் ஆணை போட யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் குழாய்த் தண்ணீர் குடித்த முந்நூறு பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்த ஆணையை நம்புவது? எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜாசிப் எங்கள் தண்ணீர் நிலையத்தின் மதகுக்காரர். கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து மேலே வரும். அப்போது மதகை மூட வேண்டும். கடல் இறங்கியதும் திறக்கலாம். தவறினால் ஊர்க் குழாயெல்லாம் உப்பு. உப்பை அளக்கும் மீட்டர் கெட்டு ஏழு மாதம் ஆகிறது. அதிலிருந்து இவர் உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மூடிக்கொண்டிருந்தார். 'ஜாசிப் நாக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்கு?' என்று கிண்டலடித்தே நாங்களும் புது மீட்டருக்கு அலையாமல் இருந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மூடவில்லை. ஆறு மணி நேரம் கடல் தண்ணீர் ஊர்க் குழாய்களில் போனது.

"உன் மச்சான் நல்ல தண்ணி லாரி ஓட்டுறானாமே?" நிஸார் விடவில்லை.

"ஆமா உஸ்தாத்."

"குழாய்ல உப்பு வந்தா அவனுக்குக் கொண்டாட்டம். அன்னிக்கு எத்தனை நடை அடிச்சான்?"

"அது எனக்குத் தெரியாது. நான் அள்ளிப் பார்த்தேன். தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு."

"ஊரே காறித் துப்பின தண்ணி, உனக்கு மட்டும் இனிச்சுதா?"

பரிசோதனைக்கூடத்து அம்மா இந்திஸார் மூலையில் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்தார்.

"எதுக்கு வீண் பேச்சு? அந்த நாக்கே சொல்லட்டும்."

மூன்று கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "கொதிக்க வச்சு ஆறினதுதான், பயப்படாம குடிங்க. எது உப்புன்னு மட்டும் சொல்லுங்க."

ஜாசிப் முதல் கிளாஸை உறிஞ்சினார். "நல்ல தண்ணி."

இரண்டாவது. "இதுவும் நல்ல தண்ணி."

மூன்றாவதை நிதானமாக ரெண்டு வாய் குடித்தார். "இதுவும் நல்லாத்தான்மா இருக்கு."

"நடிக்கிறான்!" என்று கத்திய நிஸார், அந்த மூன்றாவது கிளாஸைப் பிடுங்கித் தன் வாயில் ஊற்றினார். அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடினார். துப்பினார், இருமினார், மறுபடி துப்பினார்.

"செவ்வாய்க்கிழமை பிடிச்சு வச்ச தண்ணி" என்றார் இந்திஸார்.

ஜாசிப் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நடிக்கிறவன் முகம் அப்படி வெளுக்காது.

"அதுவா? இப்ப நான் குடிச்சதா?" அவர் அந்தக் கிளாஸைக் காட்டினார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா... அப்போ அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்னாலதான் கிடக்குதுங்களா?"

இந்திஸார் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"குழாய்த் தண்ணி."

என் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊரில் லாரித் தண்ணீர் வாங்க வழியே இல்லாத ஏழைகள் குடிப்பது அது.

"மச்சான் லாரியை வச்சிக்கிட்டு குழாய்த் தண்ணியா?" நிஸார் வாயைத் துடைத்தபடி வந்தார். "பைத்தியமா உனக்கு?"

"ஆறு வருஷம் இருக்கும் உஸ்தாத். ஒரு பொம்பளை இடுப்புல பிள்ளையோட மதகாண்ட வந்து நின்னா. 'இந்தத் தண்ணிய நீ குடிப்பியா? குடிப்பேன்னு சொல்லு, நான் என் பிள்ளைக்குக் கொடுக்குறேன்'னா. 'தினமும் குடிக்கிறேன்'னு சொல்லிட்டேன். பொய். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. மறுநாள்லேர்ந்து குடிக்க ஆரம்பிச்சேன். நாம குடிக்கிற தண்ணின்னா மதகுல கண் அசர மாட்டோம்ல?"

ஆற்றில் உப்பு வருஷத்துக்கு வருஷம் ஏறியது. குடித்துக் குடித்து அவர் நாக்கும் கூடவே பழகிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவரையா திருடன் என்று எழுதிக்கொண்டிருந்தேன்?

"போலீஸுக்கு அனுப்பணுமா?" என்று கேட்டேன்.

நிஸார் என் கையிலிருந்த தாளை வாங்கிக் கிழித்தார். பிறகு முதல் தடவையாக, மகன் பேரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார்.

"அபூ ஹுஸாம், நீங்க இனிமே மதகுல நிக்க முடியாது. பட்டறைக்கு மாத்துறேன்."

"எங்க வேணா போடுங்க உஸ்தாத்." ஜாசிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மதகுல உடனே ஒரு ஆளை நிறுத்துங்க. மத்தியானம் கடல் ஏறும்."

நிஸார் நெற்றியைத் தேய்த்தார். "மீட்டர் வர்ற வரைக்கும் நாக்குதான் கதி. அதுவும் நம்ம குழாய்த் தண்ணி ஒரு சொட்டுகூட படாத நாக்கா இருக்கணும். அப்படிப்பட்ட ஆளை இந்நேரத்துல எங்க போய்த் தேடுறது?"

இந்திஸார் கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, நிஸார் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எதுக்கு வெளியே தேடணும் உஸ்தாத்? அபூ ஹுஸாமைத் தவிர இந்த ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் அந்தத் தகுதி இருக்கே!"