எந்தச் சுப்பண்ணன்?

சுப்பண்ணனுக்குப் போட வாங்கிய சம்பங்கி மாலையோடு பாலுசாமி வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்ததே சுப்பண்ணன்தான்.

பாலுசாமி ஒரு படி பின்வாங்கினார். மாலையை நீட்டுவதா மறைப்பதா என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவரை இறக்கிவிட்ட ஆட்டோ, இஞ்சினை அணைக்காமல் தெருவிலேயே காத்துக்கொண்டிருந்தது.

"மாமா... நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க மாப்பிளே" என்றார் சுப்பண்ணன். சொல்லும்போதே அது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல அவருக்குப் பட்டது.

பாலுசாமியைக் குறை சொல்ல முடியாது. பெரியநாயக்கன்பாளையத்துச் சுப்பண்ணன் தவறிவிட்டார் என்று மட்டும்தான் பாலுசாமியின் ஊரான அன்னூருக்குப் போன் போயிருந்தது. பந்தலும் நாற்காலிகளும் போட்டிருந்தது இந்த வீட்டு வாசலில். செத்தவரின் வீடு இருக்கும் பின்சந்தில் பந்தல் போட்டால் பாடை திரும்ப இடமிருக்காது. போதாததற்கு, போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் இவர்தான். முறைப்படி பார்த்தால் இது இவருடைய எழவுதான்.

செத்தது சித்தப்பா மகன், இன்னொரு சுப்பண்ணன்.

மருதமலையில் நிற்கும் சுப்பிரமணிதான் வாய்க்கு வாய் மாறி இந்தக் குடும்பத்தில் சுப்பண்ணன் ஆனார். பாறையை உடைத்துக் கிணறு வெட்டிய தாத்தாவுக்கு அந்தப் பேர். பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது வழக்கம். அவருடைய இரண்டு மகன்களுக்கும் ஒரே ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. பேரை விட்டுக்கொடுக்க இருவருமே சம்மதிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகைக்கு இருவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இன்று விடிகாலையில் தம்பியின் கண்களை மூடிவிட்டது இவர் கைதான். என்னவோ, இன்னும் அழுகை வரவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லி மனைவி மயிலாத்தாள் அங்கிருந்து விரட்டிவிட்டதால்தான் இப்போது வீட்டில் இருந்தார்.

ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால், பிரித்துச் சொல்ல ஊர் ஏதாவது ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளும். இவர்களுக்கும் வைத்திருந்தது. டீக்கடையில் ஒருவர் "எந்தச் சுப்பண்ணனுங்க?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் இவர் உள்ளே நுழைந்துவிடுவார், பேச்சு நின்றுபோகும். சில நாள் மூத்தவர் என்பதால் தன்னைப் 'பெரிய சுப்பண்ணன்' என்கிறார்கள் போல, நேரில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று இவரே முடிவு கட்டியிருந்தார்.

"செத்தது நானில்லீங்க மாப்பிளே. பின்னூட்டுத் தம்பிங்க. தூக்கத்துலயே போயிட்டானுங்க."

பாலுசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாலை காலடி மண்ணில் விழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

சுப்பண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நான் உயிரோடு இருப்பது தெரிந்ததும் ஒரு மனுசன் இப்படி உடைந்துபோகிறானே என்று நினைத்தார். இத்தனைக்கும் போன மாதம் பாலுசாமியின் மகள் பிரவீனாவின் கல்யாணப் பந்தியில், ரசத்தில் புளி தூக்கல் என்று சபையறியச் சொன்னவர் இவர். பத்திரிகையை வாங்கிய கையோடு அதிலிருந்த எழுத்துப்பிழைகளை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் இவர்தான். ஊருக்கு நல்லது சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் கொள்கை. தம்பிக்குக் கொள்கை எதுவும் கிடையாது. பக்கத்து இலையில் உட்கார்ந்து அதே ரசத்தை இன்னொரு தரம் கை நீட்டி வாங்கிக் குடித்தார்.

அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் அழுகிறாரே மனுசன்!

இதைத் தம்பியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அழ ஆள் இருக்குது பார்றா என்று சொன்னால், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சொல்வதற்குச் சந்துப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான், அங்கே கேட்க ஆளில்லை என்பது உறைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலுசாமியின் தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க மாப்பிளே. எனக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னும் கொஞ்ச காலத்துக்கு இருப்பனுங்க."

அதைக் கேட்டதும் பாலுசாமிக்கு அழுகை இன்னும் அதிகமாயிற்று.

ஒருவழியாக எழுந்தார். மாலையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பதமாகத் தட்டினார். தெருவில் உறுமிக்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்து, காத்திருக்க வேண்டாம், போகலாம் என்று கையைக் காட்டினார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். துக்கத்தில் குரல் கம்மியிருந்தாலும், பக்கத்தில் நின்றிருந்த சுப்பண்ணனுக்குத் தெளிவாகவே கேட்டது.

"புள்ள, போட்டது போட்டபடி நீயும் பொறப்பட்டு வா. செத்தது நல்ல சுப்பண்ணன்."