உர்சுலா பேர் வைத்த கல்

நாலாவது தடவையாகத் துறைத் தலைவர் லாக்லன் கையெழுத்துப் போடாமல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். "இடது காதுக் கல்லெல்லாம் இன்னொரு தடவை அளந்துடு, நெரிடா."

நெரிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்பர்னில் அந்த அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாக லாந்தர் மீன் என்ற குட்டி ஆழ்கடல் மீனின் கல்லைத் தவிர வேறெதையும் அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மீன் மக்கிப் போய்விடும். கடலோரக் களிமண்ணில் ஒன்றரைக் கோடி வருடம் தாங்கி நிற்பது அதன் காதுக்குள் இருக்கும் எள்ளளவு கல்தான். அதை வைத்துத்தான் எது எந்த இனம் என்று பிரிக்க வேண்டும்.

இருநூற்றுப் பதினான்கு கல்லை அளந்து அவள் கண்டது ஒரே விஷயம். இருபது வருடத்துக்கு முன்னால் லாக்லன் ஒற்றைக் கல்லை வைத்துப் புது இனம் என்று அறிவித்து, மனைவி உர்சுலாவின் பேரைச் சூட்டினாரே, அது புது இனமே இல்லை. ஏற்கெனவே பேர் வைத்த மீனின் குஞ்சு. கட்டுரை அச்சானால் உர்சுலா பேர் பட்டியலிலிருந்து போய்விடும்.

பக்கத்து மேஜையில் நத்தை ஓடு பிரிக்கும் டெஸ்மண்ட் வேறு வெறுப்பேற்றினான். "அவர் பொண்டாட்டி பேரை அழிக்க அவர்கிட்டயே கையெழுத்துக் கேக்குற. கொழுப்புதான் உனக்கு."

உர்சுலா போய்ச் சேர்ந்து மூன்று வருடம். பாவம்தான், ஆனால் நெரிடாவின் பாட்டை யார் பார்ப்பது? கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னது தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். மனுஷன் அதைச் சொல்வதே இல்லை. மாடியில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போவார், இறங்கி வருவார், படத்தை மாற்று என்பார். அடுத்த கூட்டம் முடிந்தால் மறுபடி அள என்பார்.

அன்று பொறுமை போய்விட்டது. அவர் மதியத்துக்கு இறைச்சிப் பலகாரம் வாங்கப் போன நேரம் பார்த்து, உர்சுலா பேர் வைத்த அந்த ஒற்றைக் கல்லைப் படமெடுத்து நேரே அருங்காட்சியக இயக்குநருக்கே அனுப்பிவிடலாம் என்று அவருடைய இழுப்பறையைத் திறந்தாள்.

கல் இருந்த டப்பிக்குள் கிடந்த சீட்டில் உர்சுலா பேர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் லாக்லனின் கோணல் எழுத்து: 'தனி இனம் இல்லை, குஞ்சு. நெரிடா சொல்வதுதான் சரி.' தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. அவள் முதன்முதலில் கட்டுரையை நீட்டிய நாள்.

வாசலில் நிழல் தட்டியது. திரும்பினாள். பலகாரப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் லாக்லன் கையில் இருந்தது.

"அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு எட்டு மாசமா என்னை இழுத்தடிச்சீங்க?"

அவர் மெல்ல வந்து இழுப்பறையை மூடினார்.

"இந்தக் கட்டுரை அச்சாகி லாந்தர் மீன் ஆராய்ச்சி முடிஞ்ச அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடணும்னு மாடியில எழுதி வச்சிருக்காங்க."