இரவல் கொடுத்த குரல்

ஊரின் உயரமான தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மகன் இசக்கி நின்றுகொண்டிருந்தான். கீழே செல்லக்கனி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீசும் மனநல ஆஸ்பத்திரியும் சேர்ந்து அனுப்பும் வண்டி வந்து நின்றது. முன்பெல்லாம் லத்தியோடு வருவார்கள். இப்போது ஒரு ஒலிபெருக்கிப் பெட்டிதான். அதற்குள் செல்லக்கனியின் குரல் இருந்தது. "இனி உங்க பையனை யாரும் அடிக்க வேண்டியிருக்காதும்மா" என்று சொல்லித்தான் அவள் குரலைப் பதிந்துகொண்டு போனார்கள். அவளும் மனதாரக் கொடுத்தாள்.

"எய்யா, சோறு ஆறுது. இறங்கி வாய்யா" என்றது பெட்டி.

இதை நம்பி இசக்கி ஐந்து முறை வந்திருக்கிறான். ஐந்து முறையும் சோறு இல்லை. ஊசி போட்டு, கட்டிலோடு வார் வைத்துக் கட்டினார்கள்.

"எய்யா! நான்தாம்யா, ஒன் அம்மை!" என்று செல்லக்கனி கத்தினாள்.

"போ பெட்டி! எங்கம்மை மாதிரி பேசாத!" அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டு அம்மை கூப்பிட்டும் வரமாட்டேங்கானே!" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"அதை அமத்துங்க சிஸ்டர்!" என்று வண்டியில் வந்த நர்ஸிடம் கெஞ்சினாள் செல்லக்கனி.

"நீங்க சத்தம் போடாதீங்கம்மா. இதுக்குத்தான் எப்பவும் வருவாரு" என்றாள் நர்ஸ்.

பெட்டி மறுபடியும் கொஞ்சியது. இசக்கியின் ஒரு கால் வெளியே தொங்கியது.

இனி அவள் என்ன சொன்னாலும் அவனுக்கு அது பெட்டிதான். அவன் குனிந்து பார்த்தால் அவள் முகமாவது தெரியும். செல்லக்கனி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, வீங்கிய முழங்காலைத் தூக்கி ஏணியின் முதல் கம்பியில் வைத்தாள்.