வாதியின் மூன்றாவது பிள்ளை

"இந்தக் குழந்தை வேண்டாம்னு இப்பவும் சொல்றீங்களா?"

ஆஸ்பத்திரித் தரப்பு வக்கீல் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அவசரமில்லை.

அவள் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர் பெஞ்சில் சுபிக்ஷா உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னது அம்மாவின் வக்கீல்தான். ஜட்ஜ் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார்.

இரண்டு பையன்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள். அதற்குப் பிறகு பிறந்தவள் சுபிக்ஷா. டாக்டர் சரியாகச் செய்யவில்லை, பிள்ளையை வளர்க்கும் செலவை ஆஸ்பத்திரிதான் தர வேண்டும் என்பது கேஸ்.

என்னென்ன செலவு என்று சற்று முன்புதான் இவள் வாயாலேயே சொல்ல வைத்திருந்தார்கள். பால், சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம், கல்யாணம்.

"சுபிக்ஷான்னு ஆசையா பேரு வச்சிருக்கீங்க. போதும்பொண்ணுன்னு வைக்கலையே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். வக்கீலே சொல்லிக்கொடுத்த பொய்யை என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வெறும் பொய்யாக இருந்தாலாவது தேவலை.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பப்பாளிக்காயாகத் தின்று தீர்த்தவள் அவள். கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் குத்திக்கொண்டவள். புருஷனுக்குக்கூடத் தெரியாது.

இப்போது அந்தப் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் இவளுக்குச் சோறு இறங்காது. அதைச் சொன்னால் கேஸ் போய்விடும். மூன்று பேருடைய படிப்பும் அதோடு போய்விடும்.

கதவோரம் நின்ற புருஷன் தலையை அசைத்தான். சொல்லித் தொலை என்று அர்த்தம்.

அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஜட்ஜையும் பார்க்கவில்லை. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா. வேண்டாம்னுதாங்க சொல்றேன்."

டைப்பிஸ்ட் அதை அடித்துக்கொண்டாள்.

உடம்பெல்லாம் கூசியது. கூண்டை விட்டு இறங்கி வந்தபோது, சேலை அவிழ்ந்து நாலு பேர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. பெஞ்சில் போய் மகள் பக்கத்தில் உட்காரக் கால் வரவில்லை. சுவரோரமாகவே நின்றாள்.

வெளியே வந்ததும் அவளுடைய வக்கீல், பிரமாதமாகச் சொல்லிவிட்டதாகப் பாராட்டினார். தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தார்கள். புருஷன் ஆளுக்கொரு செட் பூரி சொன்னான். கோர்ட்டில் பேசியது எதுவும் பிள்ளைக்குப் புரிந்திருக்காது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வயசுக்கு என்ன தெரியும்.

பூரி வந்தது.

சுபிக்ஷா தன் தட்டிலிருந்து ஒரு பூரியை எடுத்தாள். அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"நான் இனிமே கொஞ்சமாத்தாம்மா சாப்புடுவேன்."