மரத்துக்குப் பிணை

சீமோன் கோடரியை ஓங்கிவிட்டார். இனி றீற்றா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சடங்கு முடிந்துவிடும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடரியோடு நின்று, காய்க்கிறியோ வெட்டட்டோ என்று வெருட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, பாவம் விடுங்கோ, வாற வருசம் காய்க்கும் என்று மரத்துக்காகப் பிணை நிற்க வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்க்குமாம். பிணைக்கு ஆள் வராவிட்டால் வெட்டத்தான் வேண்டும்; ஓங்கின கோடரியைச் சும்மா இறக்கக் கூடாது. ஊரிலே புளியமரத்துக்கும் மாமரத்துக்கும் செய்தது கனடாவில், இந்த ஸ்காபரோவில், அப்பிளுக்குப் பலிக்காதா என்ன?

பிணைக்கு வெளிவீட்டு ஆள் வேண்டும் என்று சீமோனின் மனைவி மரியம்மாதான் வேலியடிக்கு வந்து றீற்றாவை மரியாதையாகக் கூப்பிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்த நாலைந்து பெண்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

றீற்றா வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு அந்த நேரம் இனித்தது. எல்லோருடைய கண்ணும் அவள் வாயில் அல்லவா இருக்கிறது!

நடுச்சுவர் ஒன்றாய் ஒட்டிய ஒரு செமி வீட்டின் இரண்டு பாதிகளையும் இரண்டு குடும்பமுமாகத் தொண்ணூற்றொன்றில் வாங்கினார்கள். அந்த வசந்தத்திலேயே நேர்சரிக்குப் போய் இரண்டு அப்பிள் கன்றுகளை ஏற்றி வந்தார்கள். விற்ற வெள்ளைக்காரன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளங்கப்படுத்தினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை என்றது மட்டும் விளங்கிற்று. மற்றதற்கெல்லாம் நால்வரும் யேஸ் யேஸ் என்று தலையாட்டினார்கள். நல்ல உயரமான கன்றாகப் பார்த்து முதலில் கை வைத்தவள் றீற்றா. எஞ்சியது மரியம்மாவுக்கு.

றீற்றாவின் மரம் கொப்பு முறியக் காய்த்தது. மரியம்மாவுடையதோ, பூவென்றால் பூ, இலையே தெரியாத பூ. காய் மட்டும் பாக்களவு. வாயில் வைத்தால் பல் கூசும். அணில்கூட ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போய்விடும்.

அதற்குப் பிறகு றீற்றாவைக் கையில் பிடிக்க முடியுமா? ஒவ்வொரு செப்ரெம்பரும் பாதருக்கு ஒரு பை, பாடகர் குழுவுக்கு ஒரு பை. மரியம்மாவுக்கும் ஒரு பை வேலிக்கு மேலால் போகும். கூடவே ஒரு குத்தல் கதையும் போகும். போன வருசம் கோயில் வாசலில் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்காரியைப் போலத்தான் மரமும் என்றாள். பிள்ளையில்லாத மரியம்மா பின்னால் நின்றதைக் காணாமல் சொல்லவில்லை. கண்டுதான் சொன்னாள். சனமும் சிரித்தது.

அப்படி என்ன பகை என்று கேட்டால், பகையே இல்லை. இந்த வீடு வாங்குமுன் பார்க்டேலில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்த காலத்தில் றீற்றா இரவு வேலைக்குப் போக, அவளுடைய மகள் ஷரோனுக்குச் சோறு தீத்தி நித்திரையாக்கியவள் மரியம்மா. வளர்ந்த பிறகும் அந்தப் பெட்டைக்கு எதற்கெடுத்தாலும் பெரியம்மாதான். இந்த செப்ரெம்பரில் அவளுக்குக் கல்யாணம். வாங்கி வந்த கூறைச் சேலையைக்கூட முதலில் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டிவிட்டுத்தான் தாய்க்குக் காட்டினாள். பெற்றவள் வயிறு எரியாதா?

அந்தக் கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் சொந்த மரத்து அப்பிள் ஒன்று கொடுத்தனுப்புவேன் என்று றீற்றா ஸ்காபரோ முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளை பகுதிக்கும் சொல்லியாயிற்று. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மற்ற வீடுகளிலெல்லாம் புல்லும் மேப்பிளும்தான். அப்பிள் என்றால் இந்த இரண்டு மரமும்தான், அதிலும் தின்னக் காய்ப்பது ஒன்றுதான்.

சீமோன் இரண்டாம் முறையும் வெருட்டினார். பாவம் மனுசன், றீற்றாவைப் பார்த்த பார்வையில் கெஞ்சலே இருந்தது. மரியம்மாவோ மரத்தின் பக்கம் திரும்பவேயில்லை. றீற்றாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெட்டுங்கோ அண்ணை,” என்றாள் றீற்றா. “மலட்டுக்கு ஆர் பிணை நிக்கிறது?”

ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீமோன் மனைவியைப் பார்த்தார். மரியம்மா வெட்டச் சொல்லித் தலையசைத்தாள்.

கோடரி இறங்கியது. கால் பருமன்கூட இல்லாத மரம், நாலு கொத்தில் சாய்ந்துவிட்டது. இன்னும் விரியாத சிவந்த மொட்டெல்லாம் புல்லில் கொட்டின. றீற்றாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே குளிர்ந்தது.

வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போய்ச் சேர்ந்தார்கள். சீமோனும் கோடரியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மரியம்மா அழவில்லை. ஏசவுமில்லை. போன கிழமை இந்த மரத்தில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு நேர்சரிக்குப் போயிருந்ததாகச் சாதாரணமாகச் சொன்னாள். அதே வெள்ளைக்காரன்தான் நின்றானாம். இந்த இனம் தின்னக் காய்ப்பதற்கு இல்லையாம். பக்கத்து மரத்துக்குப் பூந்தூள் கொடுக்கத்தான் இதைச் சோடி சேர்த்து விற்பதாம். இதன் பூவிலிருந்து தேனீ போய் உட்கார்ந்தால்தான் பெரிய மரம் காய்க்குமாம். தனியே விட்டால் ஒரு பிஞ்சும் பிடிக்காதாம்.

றீற்றா தன் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். கொப்புக் கொப்பாக மொட்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இதை முதலே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டாள்.

மரியம்மா குனிந்து கோடரியை எடுத்தாள்.

“சொல்லியிருந்தா உம்மட அப்பிளுக்காகப் பிணை நிண்டிருப்பீர், றீற்றா. எனக்காக நிப்பீரோ எண்டு பாக்கத்தான் கூப்பிட்டனான்.”