கொம்புப் பிடி

ரிவால்வரைக் கையில் வாங்கியதும் நெட்டா முதலில் அதன் பிடியைத்தான் தடவிப் பார்த்தாள்.

"என் மானா?"

"உன் மான்தான்," என்றார் அவள் கணவர் ராய்ஸ்.

கல்யாணமான வருஷம் அவள் மலையில் தனியாளாகச் சுட்டு, தோலுரித்து, பகுதி பகுதியாகச் சுமந்து இறக்கிய எல்க் மான். அதன் கொம்பு இத்தனை காலமும் கொட்டகை உத்தரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்து, இழைத்து, ரிவால்வரின் இரண்டு பக்கமும் ராய்ஸே பொருத்தியிருந்தார்.

பிடிக்கு அளவெடுத்தது நாலு நாள் முன்பு, சமையலறையில். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடச் சொன்னார்.

"மோதிரத்துக்குக்கூட நீ அளவெடுக்கல, கிழவா," என்று அவள் கேலி செய்தாள்.

கையைப் பிரித்தபோது மாவில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. கட்டைவிரல் பட்ட இடத்தில் லேசான பள்ளம்கூட இல்லை.

நோய் அங்கேதான் ஆரம்பித்தது. கட்டைவிரலின் அடிச்சதை முதலில் கரைந்தது. அடுத்து தொண்டைக்கு வரும், பிறகு மூச்சுக்கு வரும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வயோமிங்கில் ஆடு வளர்க்கிற வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது அடுப்பு இல்லாமல் இருப்பது மாதிரி. குட்டி போடும் பருவத்தில் நரிக்கூட்டம் வேலி வரைக்கும் வரும். நீளத் துப்பாக்கிகளை அவளால் தூக்க முடியாமல் போனபின்பும் படுக்கையருகே ஒரு ரிவால்வர் இருந்தது. விசையை அழுத்தினால் போதும், அது சுட்டுவிடும்.

அதைத்தான் ராய்ஸ் போன வாரம் டவுன் கடையில் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்தார். இது பழைய மாதிரி. சின்ன வயதிலிருந்தே அவள் ஆசைப்பட்டது. ஒவ்வொரு முறையும் பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி என்ற சின்ன இரும்பைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்காவிட்டால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் அது வெறும் இரும்பு.

"குண்டு போடல," என்றார். "பிடி சரியா இருக்கானு மட்டும் பாரு."

நெட்டா கட்டைவிரலைச் சுத்தியின்மேல் வைக்கப் பார்த்தாள். நுனிதான் எட்டியது. சுத்தி அசையவில்லை. இரண்டு கையையும் சேர்த்து இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிடி தடியா இருக்கு, கிழவா. விரல் எட்டல. கொஞ்சம் இழைச்சுக் கொடு."

"நாளைக்குப் பண்ணட்டுமா?"

"இப்பவே பண்ணு. நாளைக்கு இந்தக் கை எப்படி இருக்குமோ."

கொட்டகையில் ராய்ஸ் ரிவால்வரை மேசையின்மேல் வைத்து ஒரு துணியால் மூடினார். பிறகு கீழே கிடந்த பைன் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். சத்தம் வீட்டுக்குக் கேட்க வேண்டும்.

பிடி தடியாகத்தான் இருந்தது. மாவில் பதிந்ததைவிட அரை விரற்கடை கூடுதலாக, வேண்டுமென்றேதான் செதுக்கியிருந்தார். கடையில் இருந்ததையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்து, சுத்தி ரொம்ப இறுக்கமாக இருந்ததைத் தேடி வாங்கினார். எல்லாரும் லேசானதைத்தான் கேட்பார்கள் என்று கடைக்காரன் சிரித்தான். ராய்ஸும் சிரித்து வைத்தார்.

நோய் தொண்டைக்கு வருமுன் தன் கையாலேயே போய்விடப் போவதாக நெட்டா குளிர்காலத்தில் சொன்னாள். கிழட்டு ஆடுகளை விற்பது பற்றிப் பேசுகிற குரலில், சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள். அவளிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு அவள் முகத்தில் விழிக்க ராய்ஸுக்குத் தைரியமில்லை. அதனால் பரிசாகக் கொடுத்தார்.

இனி வரப்போவதெல்லாம் தன் கண்முன்னால்தான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் சோற்றுக்குத் திணறுவாள், பிறகு காற்றுக்குத் திணறுவாள். தடுத்த அவரேதான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் அவருக்கு இன்றைக்கு அவள் வேண்டும். நாளைக்கும் வேண்டும். இது சுயநலமாகவும் இருக்கலாம்.

தேய்த்துக்கொண்டே இருந்தார். மடியெல்லாம் மரத்தூள்.

"கொம்பை இழைச்சா முடி கருகின மாதிரி நாறும், ராய்ஸ்."

நெட்டா கொட்டகை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முந்தாநாள் நீ இழைச்சப்போ வீடு பூரா நாறிச்சு. இன்னிக்குப் பைன் மரம் மணக்குது."

அவர் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துணிக்கு அடியில் இருப்பதைக் கேட்பாள், திட்டுவாள், பழைய ரிவால்வரைத் திருப்பி வாங்கி வரச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

அவளோ மெதுவாக நடந்து வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். ஓய்ந்துபோன கையை எடுத்து அவர் முழங்காலில், தூளுக்கு நடுவே வைத்தாள்.

"எனக்கும் போகப் பயமா இருக்கு, கிழவா," என்றாள். "நிறுத்தாத. தேய்."

ராய்ஸ் தேய்த்தார்.