நடுவுல ஒரு கம்பெனி

“இன்னைக்கு அந்த மேனேஜரம்மாவை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டுத்தான் மறுவேலை!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஈரத்தலையோடு கிளம்பினார். குடியிருக்கும் வீட்டில் குளியலறைக் கூரை இரண்டு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒரு கையில் குடை பிடித்து, மறு கையால் பல் தேய்க்கிற நிலைமை.

வீட்டுக்காரர் யாரென்றே அவருக்குத் தெரியாது. வாடகை வாங்குவது, புகார் கேட்பது எல்லாமே ஒரு வீட்டுப் பராமரிப்புக் கம்பெனிதான். எத்தனை தடவை போன் போட்டாலும் மேனேஜரம்மாவிடமிருந்து ஒரே பதில்.

“ஓனர்கிட்ட சொல்லியாச்சு சார். அவர்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்.”

முகம் தெரியாத அந்த ஓனரைத் திட்டாமல் கடைக்காரர் ஒருநாளும் குளித்ததில்லை.

கம்பெனி ஆபீசுக்குள் நுழைந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என் வீட்டை நானே பாக்கக் கூடாதாம்மா? எப்பக் கேட்டாலும் ‘குடியிருக்கறவர் கதவைத் திறக்க மாட்டேங்கறார்’னா என்ன அர்த்தம்? வீட்டை வாடகைக்கு விட்டேனா, எழுதிக் குடுத்தேனா?”

“எந்த வீடுங்கய்யா?” என்று கடைக்காரர் சும்மா கேட்டுவைத்தார்.

“மூணாவது மாடி. பச்சைக் கதவு.”

“அட, அங்க இருக்கறது நான்தாங்க! நான் எப்ப கதவைத் திறக்க மாட்டேன்னேன்? நீங்கதானே கூரையைச் சரிபண்ண மாட்டேன்னு சொன்னீங்க?”

“கூரை ஒழுகுதா? எனக்கு இப்பதான் தம்பி தெரியும்!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேனேஜரம்மா பக்கம் திரும்பினார்கள். அவர் அசரவில்லை.

“பாக்கறோம் சார்” என்றார்.

“நீ பாத்த வரைக்கும் போதும்மா!” பெரியவர் அங்கேயே ஒப்பந்தத்தை ரத்து செய்தார். “நமக்கு நடுவுல இந்த நந்தி எதுக்கு? எதுவா இருந்தாலும் நேரா என்கிட்டயே சொல்லுங்க தம்பி. என்னை உங்க அப்பா மாதிரி நினைச்சுக்குங்க.”

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷரையா தினமும் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திட்டினோம்!

அன்று மதியமே பெரியவர் ஆளோடு வந்து நின்றார். இரண்டு மாத ஒழுகல் இரண்டு மணி நேரத்தில் நின்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி.

“மறுபடி ஒழுகுதான்னு ஒரு நடை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி.”

ஒழுகல் நின்றிருந்தது. பெரியவர் வருவதுதான் நிற்கவில்லை.

“சுவத்துல இந்த ஆணியை யார் அடிச்சது?”

“ரெண்டு பேருக்கு எதுக்கும்மா ஆறு துண்டு?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சம்பந்தியைக் கூட்டிவந்து, போர்வை மடிக்காத படுக்கையறை வரைக்கும் சுற்றிக் காட்டினார்.

மனைவி பொரிந்து தள்ளினாள். “வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க! என் மாமனார்கூட துண்டை எண்ணினதில்லை. இனிமே வராதீங்கன்னு சொல்லுங்க.”

“எந்த வாயால சொல்றது? தங்கமான மனுஷர். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றார்.”

அது வாஸ்தவம். குழாய் கிறீச்சிட்டாலும், பல்பு போனாலும், எதிர்வீட்டு நாய் குரைத்தாலும் கடைக்காரர் போன் போடுவது பெரியவருக்குத்தான். அப்பா மாதிரி என்று சொன்னவர் அதையெல்லாமா தப்பாக நினைப்பார்?

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு ஒருநாள் உச்சி வெயிலில் கடையைச் சாத்திவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி கம்பெனி ஆபீசுக்குள் நுழைந்தார்.

“மேடம், வீட்டைப் பழையபடி நீங்களே பாத்துக்கணும். ஆனா நான் கேட்டேன்னு அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.”

மேனேஜரம்மா ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

“உங்களுக்கு அந்தச் சிரமமே வேண்டாம் சார். போன வாரமே உங்க ஓனர் வந்து கையெழுத்துப் போட்டுட்டார். நாளையிலேருந்து நாங்கதான். இந்தத் தடவை அஞ்சு வருஷம்.”

“அவரா? எதுக்கு?”

“நீங்க ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் பண்றீங்களாம். ‘நாய் குரைச்சா நான் என்னம்மா பண்ணுவேன்’னு அழாத குறை. நல்ல பையன், மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரலைன்னார். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னும் கேட்டுக்கிட்டார்.”

கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

“என்ன மனுஷர் இவர்! இப்படி முதுகுக்குப் பின்னால வந்து போட்டுக் குடுத்திருக்காரே!”

மேனேஜரம்மா ஃபைலை மூடி வைத்தார்.

“பழியை எங்க மேலயே போட்டுக்குங்க சார். அதுக்குத்தானே கம்பெனி வெச்சிருக்கோம்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“சேதி தெரியுமா தம்பி? அந்தக் கம்பெனிக்காரங்க என்னமோ சட்டம் பேசி மறுபடி உள்ள நுழைஞ்சுட்டாங்க. என்னால தடுக்க முடியலை.”

கடைக்காரர் அவருடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கய்யா. ரெண்டு நல்ல மனுஷங்க ஒத்துமையா இருந்தா இவங்களுக்குப் பொறுக்காதே!”